ராட்டினக் காப்பு

நாச்சிமுத்து தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட ராட்டினம் ஏறியதில்லை. இத்தனைக்கும் உடுமலைக்கும் பழனிக்கும் நடுவில், தென்னந்தோப்பில் பாதியை வெட்டிவிட்டு 'குதூகலம்' என்று ஒரு கேளிக்கைப் பூங்காவைக் கட்டியவரே அவர்தான். ராட்சச ராட்டினம், கொலம்பஸ் கப்பல், சங்கிலி ராட்டினம், டிராகன் ரயில் என்று அங்கே எல்லாம் உண்டு. சனி ஞாயிறு வந்தால் சுற்றுவட்டாரமே ஏறி அலறும். முதலாளி மட்டும் தரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இளநீர் குடித்துக்கொண்டிருப்பார். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். கேட்டால், தினம் பார்க்கிறதில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது என்பார். உண்மை வேறு. ஏணியில் மூன்றாம் படியில் கால் வைத்தாலே மனுஷனுக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. எதையும் தன் பெயரில் வாங்க மாட்டார். தோப்பு வாங்கிய சமயம் அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று ஜோசியர் சொல்ல, அதை மனைவி கோகிலவாணி பெயரில் பதிந்தார். பிறகு பூங்கா, ராட்டினங்கள், ஜெனரேட்டர், தண்ணீர் லாரி எல்லாம் அவள் பெயருக்கே போயின. சனி விலகியும் வழக்கம் விலகவில்லை. வாணியும் காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவாள். "அடுப்புல பால் இருக்குதுங்க, வெரசாக் காட்டுங்க" என்பாள். அந்தப் பூங்காவில் அவளுக்கு இருந்த முதலாளித்தனம் அவ்வளவுதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் காப்புச் சட்டம் வந்தது.

சட்டம் சும்மா வரவில்லை. ஊருக்கு ஊர் ராட்டினத்தில் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். குதூகலத்திலும் ஒரு பிள்ளை விழுந்தது. பழனிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா வந்த தாரகை என்கிற சிறுமி. சங்கிலி ராட்டினம் சுற்றும்போது இருக்கையின் முன்கம்பி கழன்றுகொண்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, கை முறிந்தது. விசாரணைக்கு வந்தவர்களிடம் நாச்சிமுத்து, ஓட்டுகிற ஆள் சரியாகப் பார்க்கவில்லை என்றார். ஓட்டுகிறவன் ஃபிட்டரைக் காட்டினான். ஃபிட்டர் உதிரிப் பாகம் விற்றவனைக் காட்டினான். விற்றவன் மழையைக் காட்டினான். மழை யாரையும் காட்டாததால், பிள்ளை இருக்கையில் நெளிந்திருப்பாள் என்று முடித்துவிட்டார்கள். ஆளுக்கொரு கை தள்ளித் தள்ளி, கடைசியில் பொறுப்பு அந்தப் பிள்ளையின் மடியிலேயே போய் உட்கார்ந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று வக்கீல் சொன்னதால் நாச்சிமுத்து ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. வாணி மட்டும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டு வந்தாள். அதை அவர் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

காப்பு என்பது பார்ப்பதற்கு அகலமான வளையல் மாதிரி இருக்கும். அதைக் கொண்டுவந்தவள் ராட்டினப் பாதுகாப்பு வாரியத்தின் அதிகாரி நஸ்ரின். சின்ன வயசுப் பெண், தோளில் பெரிய பை. ஓனர் யார் என்று கேட்டாள். நாச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நான்தான் என்றார்.

அவள் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். "இதுல கோகிலவாணின்னு இருக்குதே சார்."

"அது சும்மா பேருக்குங்க. ஊட்டுக்காரி."

"பேரு யாருதோ, கையும் அவங்களுதுதான் சார்."

பூங்காவின் பின்பக்கமே அவர்கள் வீடு. வாசலில் உட்கார வைத்து, இளநீர் கொடுத்து, அது என்ன வஸ்து என்று விசாரித்தார்கள். நஸ்ரின் பொறுமையாகச் சொன்னாள். "ஒவ்வொரு சீட்லயும் ஒரு சின்னக் கருவி இருக்குங்க. உக்காந்திருக்கிறவங்க உடம்புல என்ன நடக்குதோ அது காப்பு வழியா இவங்களுக்கு வந்துடும். அவங்களுக்குத் தலை சுத்தினா இவங்களுக்கும் சுத்தும். அவங்களுக்கு அடிபட்டா இவங்களுக்குக் காயம் வராது, ஆனா வலி வரும்."

"அத்தன பேருதுமா?"

"கொஞ்சம் குறைச்சுத்தான் சார் வரும். ஆனா வரும். யாரோ ஒருத்தருக்கு வலிச்சாத்தான் ராட்டினத்தை ஒழுங்கா வச்சுப்பாங்கன்னு சட்டம் போட்டிருக்காங்க."

பெயரை மாற்றிக்கொள்ள முடியுமா என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தார். முதல் வருஷம் முடிகிறவரை முடியாது என்றாள். நாச்சிமுத்துவின் முகம் வாடியது. ஆனால் உள்ளுக்குள் ஒரு செவ்விளநீரே குளுகுளுவென்று இறங்கியது. மூன்றாம் படிக்குக் காது அடைக்கிற ஆளுக்கு ராட்சச ராட்டினத்தை மணிக்கட்டில் கட்டினால் என்ன ஆவது? நல்லவேளை, ஜோசியர் நல்லவர். நஸ்ரின் வாணியின் பக்கம் திரும்பி, காப்பில் இருந்த ஒரு பொத்தானைக் காட்டி ஏதோ மெல்ல விளக்க ஆரம்பித்தாள். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது அதிகாரி இளநீரைக் குடித்துவிட்டுப் போயிருந்தாள். வாணியின் கையில் காப்பு இருந்தது. அதில் பச்சையாக ஒரு புள்ளி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கொலம்பஸ் கப்பல் ஆடத் தொடங்கினால் தோசைக்கல் முன்னால் நிற்கிற வாணியும் ஆடுவாள். தோசை வட்டமாக வராது, நீளமாக வரும். டிராகன் ரயில் கிளம்பினால் தூணைப் பிடித்துக்கொள்வாள். நாத்தனார் ஒரு வாரம் தங்கலாமென்று பெட்டியோடு வந்த அன்று ராட்சச ராட்டினம் வாணியை என்னமோ செய்துவிட்டது. தலை சுற்றுகிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. நாத்தனார் தானே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாளே பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வெள்ளையடிக்க இது சமயமில்லை என்று நாச்சிமுத்து வாயெடுத்த நேரத்திலும் கப்பல் பலமாக ஆடியது. பாவம், வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. அன்று மட்டும் அவளுக்குத் தலை நேராக நிற்கும். பழனிக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, பஞ்சாமிர்தத்தோடு இருட்டினதும் வந்துவிடுவாள்.

முதல் வலி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூங்காவில் நல்ல கூட்டம். நாச்சிமுத்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். ரசம் ஊற்ற வந்த வாணி அப்படியே கரண்டியைப் போட்டுவிட்டு, இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதில் என்று தெரியவில்லை, சுண்டி இழுக்கிறது என்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. நாச்சிமுத்து எச்சில் கையோடு ஓடினார். ராட்டினங்களை எல்லாம் நிறுத்தச் சொன்னார். ஏறினவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள், ஒருவருக்கும் அடியில்லை. ஆனாலும் ஃபிட்டர் சின்னராசுவைக் கூப்பிட்டு ஒவ்வொரு இருக்கையாகப் பார்க்க வைத்தார். ராட்சச ராட்டினத்தில் ஒரு கூண்டின் கதவுக்குக் கொண்டி இருந்தது, கொண்டிக்கு ஊசி இல்லை. ஊசி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டிருந்தார்கள்.

சின்னராசு அந்தக் கம்பியைக் கழற்றி நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தான். இந்தக் கதவு திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தார். அவருக்கு முதலில் தோன்றியது கூண்டில் இருப்பவர் முகம் இல்லை, வாணியின் முகம்தான். அதற்காக அவரைக் கோபிக்காதீர்கள். மனுஷனுக்குத் தெரிந்த முகம்தானே முதலில் தோன்றும்.

மாரியம்மன் நோன்புக்கு முன்னால் இரண்டாவது தடவை வந்தது. மறுபடியும் இடது முழங்கை. அன்று சங்கிலி ராட்டினத்தில் ஒரு சங்கிலி, பிளாஸ்டிக் உறைக்குள்ளே துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. பொங்கல் விடுமுறையில் மூன்றாவது தடவை. அன்று டிராகன் ரயிலின் தண்டவாளத்தில் மரைகள் தளர்ந்திருந்தன. இப்படியே அந்த வருஷம் முழுக்க. வாணியின் கை வலிக்கும், இவர் ஓடுவார், தேடுவார்கள், ஏதாவது ஒன்று அகப்படும். ஒரு தடவைகூடத் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை.

நாளாக ஆக நாச்சிமுத்து அவள் கை வலிக்கட்டும் என்று காத்திருப்பதையே விட்டுவிட்டார். காலையில் பூங்கா திறக்கும் முன்னால் சின்னராசுவோடு தானே சுற்றிவந்தார். மேலே ஏற முடியாது, ஆகவே கீழேயிருந்து, "அக்கட்ட பாத்தியா? இந்தப் பக்கம்?" என்று கத்திக்கொண்டே இருப்பார். சின்னராசுவுக்குக் கழுத்தும் தொண்டையும் வலித்தன. மழை தூறினால் கப்பல் ஓடாது. கூட்டம் முணுமுணுத்தால், "என்ற சம்சாரத்துக்குக் கை வலிக்குமுங்க" என்பார்.

பூங்கா முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். பொறுப்பு என்பது சட்டத்தில் இல்லை, மனசில் இருக்கிறது என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். கைதட்டல் வந்தது. மைத்துனன் கையிலும் மாமனார் கையிலும் காப்பை மாட்டிவிட்டு வந்திருந்தவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். வீட்டுக்கு வந்து வாணியிடம் அந்தப் பேச்சை மறுபடியும் ஒரு தடவை பேசிக் காட்டினார். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். "நல்லாத்தான் பேசியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள்.

கோடை விடுமுறைக்குப் பூங்காவை அலங்கரித்துக்கொண்டிருந்தபோது, நஸ்ரின் வருஷப் பரிசோதனைக்கு வந்தாள். காப்பைக் கழற்றித் தன் கருவியில் சொருகிப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். வேறு ஒயரில் சொருகினாள். வாணி எதையோ அடுப்பில் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

"சார், இந்தக் காப்பு ஒரு நாள்கூட வேலை செய்யலையே."

நாச்சிமுத்து சிரித்தார். அவளுக்குக் கை எத்தனை தடவை சுண்டி இழுத்தது, தோசை எப்படியெல்லாம் நீண்டது என்று அடுக்கினார். நஸ்ரின் சிரிக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே பேட்டரி இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்றாள். "கட்டிக்கிறவங்க பொத்தானை அழுத்திப் பிடிச்சுச் சம்மதம் சொல்லணும் சார். அப்பத்தான் நீலமாகும், அப்பத்தான் உணர்ச்சி வரும். ஒருத்தர் வலியை இன்னொருத்தர் உடம்புல அவங்களைக் கேக்காம ஏத்தக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. இது நீலமே ஆகலை."

பிறகு ஒயரைக் கழற்றினாள். "நீலமாச்சான்னு நான் பாத்திருக்கணும். இளநீர் குடிச்சிட்டு அப்படியே கிளம்பிட்டேன். என் தப்புதான் சார். அதையும் சேத்துத்தான் ரிப்போர்ட் அனுப்பணும்."

நாச்சிமுத்து அவளையே பார்த்தார். பூங்கா ஆரம்பித்த நாளிலிருந்து எத்தனையோ விசாரணை, எத்தனையோ பஞ்சாயத்து. அந்த வாசலில் ஒருவர் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லி அவர் கேட்டதில்லை. அதுவும் யாரும் பிடித்து உலுக்காமல், தானாக. வக்கீல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் வாயைப் பொத்தியிருப்பார்.

இன்றைக்கே யாராவது சம்மதித்தால்தான் நாளைக்குத் திறக்க முடியும் என்றாள் நஸ்ரின். அம்மா சம்மதித்தால் அவர்களே இருக்கலாம். இல்லையென்றால், வருஷம் முடிந்துவிட்டதால் இப்போது பெயரை மாற்றிக்கொள்ளலாம். பேசிவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன் என்றாள். இந்தத் தடவை இளநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வாணி அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டு கையும் தாராளமாக வேலை செய்தன. நாச்சிமுத்து கதவோரம் நின்றார். கோபப்படலாமென்றுதான் வந்தார். ஆனால் எந்த இடத்தில் தொடங்கினாலும் அது கடைசியில் தன் பக்கமே திரும்பி வரும் போலிருந்தது.

"ஏன் அம்மிணி பொத்தான அமுக்கல?"

"அந்தப் புள்ள சம்மதமான்னு கேட்டாளுங்க. இத்தன வருசத்துல என்னைய ஆரும் அப்பிடிக் கேட்டதில்லையா, சட்டுனு என்ன சொல்றதுன்னு தெரியில. யோசிச்சுச் சொல்றேன்னேன்." அவள் தேங்காய் மூடியைத் திருப்பிப் பிடித்தாள். "அப்பிடியே யோசிச்சுட்டு இருந்துட்டேன்."

"அப்ப தலை சுத்துனது, கை சுண்டுனது?"

"ராட்டினத்த நிறுத்திப் பாருங்கன்னு நான் வாயால சொன்னப்பவெல்லாம் நிறுத்துனீங்களா? கை சொன்னா நிறுத்துனீங்க. அதான் கையவே பேச உட்டுட்டேன்."

அவருக்கு அது விளங்கியது. விளங்காதது ஒன்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று கெட்டுத்தானே கிடந்தது, காப்பு வேலை செய்யாமல் அது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

வாணி துருவுவதை நிறுத்தினாள். "எனக்கு என்னங்க தெரியும்? எனக்கு எப்பத் தோணுதோ அப்ப உக்காருவேன். நீங்க போய்த் தேடுனீங்க. தேடுனா இருந்துது."

வெளியே சின்னராசு கப்பலுக்கு எண்ணெய் விடுகிற சத்தம் கேட்டது. தேடாமல் விட்ட வருஷங்களை நாச்சிமுத்து நினைத்துப் பார்த்தார். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், அத்தனை கூட்டம், எத்தனை கொண்டியில் கட்டுக்கம்பி இருந்ததோ.

"ஒரு தடவகூட நெசமா வலிக்கலயா உனக்கு?"

"வலிச்சுது. காப்புனால இல்ல."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கப்பலானாலும் ரயிலானாலும், அவள் பிடித்துக்கொண்டது ஒரே இடத்தைத்தான். ஒரு நாள் வலது கை, ஒரு நாள் கால் என்று மாற்றி நடித்திருக்கலாம். மாற்றவே இல்லை. தாரகைக்கு முறிந்தது எந்தக் கை என்று யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை. விசாரணையில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தும் அது அவருக்குத் தெரியாது.

அவர் கேட்காமலே வாணி சொன்னாள். "இடதுதானுங்க. முழங்கை இன்னும் முழுசா நீட்ட வர்றதில்ல. ஆனா நல்லா கேரம் ஆடுறா. செவ்வாக்கிழமை போனா என்னய எப்பவும் தோக்கடிச்சுத்தான் அனுப்புவா."

பழனிப் பஞ்சாமிர்தத்தை வாரா வாரம் நக்கிச் சாப்பிட்ட நாச்சிமுத்து, அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இனி இந்தக் காப்பு நிஜமாக எரியும். யார் கையில் எரிந்தாலும் வலி நிஜம். வாணி கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாள், அது அவருக்குத் தெரியும். அவள் முகம் வெளுத்ததையெல்லாம் நடிப்பு என்று தெரியாமலே வருஷம் முழுக்கத் தாங்கமுடியாமல் ஓடியிருக்கிறார். அது நிஜமாகவே வெளுத்தால் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? அவர் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார், இப்போதே அடைப்பது மாதிரி இருந்தது.

"பேர என்ற பேருக்கு மாத்திக்கிறேன். உனக்குச் சம்மதமா?"

வாணி நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் சிரிப்பு இருந்தது. "யோசிச்சுச் சொல்லட்டுங்களா?"

நல்லவேளையாக ஒரு வருஷம் யோசிக்கவில்லை. தேங்காய்த் துருவல் முடிகிற நேரம்தான் ஆனது. நஸ்ரின் அவர் மணிக்கட்டில் காப்பை மாட்டி, சம்மதமா சார் என்று கேட்டாள். நாச்சிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். நீலமாகிவிட்டதா என்று அவள் இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் பையை எடுத்தாள். தாரகையின் ஊருக்கு வரும் செவ்வாய்க்கிழமை எந்த பஸ் என்று அவர் வாணியிடம் கேட்டது, அதிகாரி கிளம்பின பிறகு.

மறுநாள் பூங்கா திறந்தது. நாச்சிமுத்து தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்வதைவிட, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதே சரி. கப்பல் கிளம்பியதும் வயிறு தொண்டைக்கு ஏறியது. டிராகன் ரயில் வளைந்ததும் தானும் வளைந்தார். ஆனால் வந்தது பயம் மட்டுமில்லை. பயத்தோடு கூடவே வேறொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. உயரத்திலிருந்து இறங்கும்போது யாரோ பிள்ளைகளுக்கு நெஞ்சில் குபுகுபுவென்று பொங்குகிற சந்தோஷம். ஐம்பது தாண்டின மனுஷன், கண்ணில் நீர் வழிய, தனியாக நாற்காலியில் கெக்கெக்கே என்று சிரித்தார். டிக்கெட் கொடுக்கிறவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

சாயங்காலம் வாணி புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷம் தன் பெயரில் சுற்றியதை ஒரு தடவை ஏறிப் பார்க்கிறேன் என்றாள். சின்னராசு ராட்சச ராட்டினத்தின் கூண்டைத் துடைத்து, கொண்டியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, அவளை உட்கார வைத்தான். ராட்டினம் மெல்லக் கிளம்பியது.

நாச்சிமுத்துவுக்குக் காது அடைத்தது. கால் கூசியது. அவள் உச்சிக்குப் போனபோது, தோப்பும் மலையும் தெரிந்ததோ என்னவோ, அவர் நெஞ்சில் ஒரு பெரிய மூச்சு தானாக வந்து நிறைந்தது. அடுத்த நொடி, இடது முழங்கையில் சுரீரென்று வலித்தது.

அவர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "நிறுத்துடா" என்ற சத்தத்தில் பஞ்சுமிட்டாய்க்காரன்கூடத் தன் மிஷினை நிறுத்திவிட்டான். ராட்டினத்தை மெதுவாக இறக்கினார்கள். கூண்டு கீழே வருவதற்குள் அவர் ஏறுமேடைப் படியில் மூன்றைத் தாண்டி ஐந்தில் நின்றார். அதை அவர் கவனிக்கவில்லை.

வாணி கூண்டுக்குள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். இடது முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு அம்மிணி?"

"கம்பியில இடிச்சுக்கிட்டேனுங்க."

இடித்துக்கொண்டதா, இடித்துப் பார்த்ததா என்று அவர் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவள் முகம் அது.

"ராட்டினம் நிக்குதுங்களே" என்றாள் வாணி, திருப்தியாக.

தன் முழங்கையைத் தடவிக்கொண்டே, சரி போகட்டும், ஓட்டச் சொல்லலாம் என்று அவர் கையைத் தூக்கினார். அதற்குள், நிறுத்தச் சொன்னால் தேட வேண்டும் என்று பழகிப்போன சின்னராசு ராட்டினத்தின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டிருந்தான். அங்கிருந்து அவன் குரல் வந்தது.

"அண்ணா, இங்க ஒரு நட்டு ஆடுதுங்க."